பறவைப் பிரிவில் ஒரு தாப்பிர்

குனோங் லெம்பாயோங் மலைவனக் காப்பகத்துக்குள் போக விரும்புகிறவர், அங்கே எதைப் பார்க்கப் போகிறார் என்பதைத் தொண்ணூறு நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாலூட்டி என்றால் ஏ பிரிவு. பறவை என்றால் பி. பட்டாம்பூச்சி, வண்டு வகையறா சி. எதையும் பார்க்கவில்லை, சும்மா காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்பவர்களுக்கு டி. டி பிரிவில் போகிறவர்கள் ஏதாவது குறுக்கே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று விதிமுறையின் பதினேழாவது பத்தி சொல்கிறது.

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஜெயபாலன் இந்த விதிமுறைகளை இரண்டு தடவை படித்தான். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தபோதே நிம்மதியாக இருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

எல்லாம் மனைவி புஷ்பலதாவுக்காக. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். கொரோனா எம்சிஓ ஊரடங்குக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, ஆறாவது மாடி அடுப்படி ஜன்னல் வழியாகப் பறவை பார்க்க ஆரம்பித்தவள், பிறகு நிறுத்தவே இல்லை. மைனா, மீன்கொத்தி, சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வட்டமடிக்கும் பருந்து என்று நாற்பத்தொரு பறவைகளைப் பெயரோடு அவளுக்குத் தெரியும். மலாயில் எங்காங் எனப்படும் இருவாச்சியை மட்டும் பார்த்ததில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று ஜெயபாலன் கேட்டபோது, “சேல வேணாங்க. ஒரு தடவ அந்த எங்காங்க நேர்ல காட்டிருங்க, போதும்” என்றாள்.

ஏ பிரிவு அடுத்த ஆண்டு அக்டோபர் வரை நிரம்பியிருந்தது. “நமக்கு எதுக்குலா யானையும் புலியும்? நீ கேட்டது பறவதானே” என்று ஜெயபாலன் பி பிரிவில் இரண்டு பேருக்கு மனுச் செய்தான். கணினிப் பாரத்தில் ‘இதற்கு முன் பறவை பார்த்த அனுபவம்’ என்றொரு கட்டம் இருந்தது. புஷ்பலதா நாற்பத்தொரு பெயரையும் வரிசையாகச் சொல்ல, அவன் தட்டச்சு செய்தான். அளவு மீறிவிட்டதாகக் கணினி ஏற்க மறுத்தது. கடைசியில் ‘காக்கா’ என்று மட்டும் போட்டான். உடனே ஏற்றுக்கொண்டது.

தொண்ணூற்று இரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, வேனில் கிளம்பி, மலையடிவாரத் தாப்பா நகரில் இறங்கி ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் காப்பகத்தின் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் பெரிய பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குறுக்கே நான்கு மொழிகளில் ஒரு பதாகை. காட்டில் மூன்று ஆண்டுகளாகக் கம்பிக் கண்ணி ஒன்றுகூட இல்லை என்பதற்காக அன்றைக்கு விழா. மற்ற மூன்று மொழிகளிலும் என்ன எழுதியிருந்ததோ, தமிழில் ‘கண்ணியமற்ற காடு: மூன்றாம் ஆண்டு வெற்றி விழா’ என்றிருந்தது.

“ஏங்க, தப்பாப் போட்டிருக்காங்க. ‘கண்ணியற்ற’ன்னு இருக்கணும்.”

“நாம பறவ பாக்க வந்திருக்கோம் புஷ்பா. பதாக திருத்துறதுக்கு வேற பெர்மிட் கேப்பான். வா.”

முதலில் விளக்கக் கூட்டம். நாற்பத்தைந்து நிமிடம் ஒரு படம் போட்டார்கள். காப்பகத்தை நடத்தும் மலைவன வாரியத்தின் தலைவர், டத்தோ பட்டம் பெற்றவர், நாற்காலியில் உட்கார்ந்து விலங்குகளைப் பற்றிப் பேசினார். படத்தில் ஒரு விலங்குகூட வரவில்லை. விலங்குகளைப் படம்பிடிக்க வாரியம் வாரியத்திடமே விண்ணப்பித்திருப்பதாகவும் பதில் இன்னும் வரவில்லை என்றும் கடைசியில் எழுத்து ஓடியது. பிறகு எல்லாரும் எழுந்து நின்று வலது கையை உயர்த்தி, பாதையை விட்டு இறங்க மாட்டோம், எதையும் தொட மாட்டோம், பெர்மிட்டில் இல்லாத எதையும் பார்க்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். இருவர் கையிலும் பச்சைப் பட்டி கட்டப்பட்டது. பச்சை என்றால் பறவை.

வழிகாட்டியாக வந்தவன் கோகிலன். முப்பது வயதிருக்கும். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, திட்டத்தில் வீடு கிடைக்காமல் கடைசியில் காட்டுக்கே வேலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். ஆறு மாதக் கான்ட்ராக்ட். இது ஐந்தாவது தடவை.

“அண்ணே, அக்கா, இன்னிக்குப் பறவ கொஞ்சம் கஷ்டம்லா. கீழ மைக் டெஸ்ட் பண்றான் பாருங்க.”

பந்தலிலிருந்து ‘ஹலோ, சத்து, டுவா, தீகா’ என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் குரல் மலை முழுவதும் மோதித் திரும்பியது. ஒவ்வொரு ‘தீகா’வுக்கும் எங்கோ இறக்கைகள் படபடத்துத் தூரம் போயின. ஒரு மணி நேரம் பலகைப் பாதையில் நடந்தும் புஷ்பலதா பார்த்த ஒரே பறவை, பாதைக் கைப்பிடியில் செதுக்கியிருந்த மர இருவாச்சி. அதன் அலகில் ‘தொடாதே’ என்று ஒட்டியிருந்தது.

இரண்டாவது கிலோமீட்டர்க் கல் தாண்டியதும் அவள் நின்றாள்.

“கேக்குதா?”

கீச்சென்று ஒரு விசில். மெலிதாக, நீளமாக. நின்றது. மறுபடி வந்தது.

“இது என்ன பறவ? நான் கேட்டதே இல்லியே.”

உறுதிமொழி எடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையில் புஷ்பலதா பலகையை விட்டு இறங்கினாள். கோகிலன் “அக்கா! அக்கா!” என்று கத்திக்கொண்டே பின்னால் இறங்கினான். அவனுக்குப் பின்னால் ஜெயபாலன். இருபது அடி போயிருப்பார்கள்.

ஒரு தாப்பிர். பன்றி மாதிரி உருவம், ஆனால் அதைவிடப் பெரியது. முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளை, சின்னத் துதிக்கை மாதிரி மூக்கு. இடது முன்கால் கம்பிக் கண்ணிக்குள் இருந்தது. கம்பியின் மறுமுனை ஒரு மரத்தடியில் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. இழுத்து இழுத்துச் சுற்றியதில் அந்த மரத்தைச் சுற்றி மண் உழுத மாதிரி கிடந்தது. கம்பி தோலுக்குள் போய்ச் சதைக்குள் மறைந்துவிட்டது. ஈக்கள். அது அவர்களைப் பார்த்துவிட்டு எழ முயன்று, முடியாமல், மூக்கைத் தூக்கி விசிலடித்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்ன சத்தம்.

ஜெயபாலன் மரத்தடியில் மண்டியிட்டு முறுக்கைப் பிரிக்கப் பார்த்தான். எஃகுக் கம்பி. உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

“கம்பி வெட்டி இருக்கா? பிளாயர்? பாராங் கத்தி?”

“கான்ட்ராக்ட் ஆளுக்குப் பாராங் கொடுக்க மாட்டாங்கண்ணே.”

“வாக்கிடாக்கில கூப்பிடு.”

“கார் பார்க்கிங்குக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க.” கோகிலன் பலகைப் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “அண்ணே, ஒண்ணு சொல்றேன். இத நான் பாக்கல. நீங்கதான் பாத்தீங்க. அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. ஆபீசுல தொரசிங்கம் சார் இருக்காரு. நம்ம ஆளு. நல்லவரு. அவருகிட்ட ஓடுங்க.”

துரைசிங்கம் உண்மையிலேயே நல்லவர். வருகையாளர் அனுபவ மேம்பாட்டுப் பிரிவின் துணைத் தலைவர். முப்பத்தொரு வருட சேவை, ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம். அவருடைய தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க வேலையில் அமர்ந்த குடும்பம். கோப்புகளை அவர் தொடும் விதத்திலேயே அது தெரிந்தது. ஓடிவந்த இருவரையும் உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, ஜெயபாலனின் உள்ளங்கைக்குத் தன் கையாலேயே பிளாஸ்டர் ஒட்டினார். பிறகு கேட்டார்.

“தாப்பிரோ? உங்கட பட்டி என்ன நிறம்?”

“பச்ச, சார்.”

“பச்சை எண்டால் பறவை.”

“பறவ பாக்கத்தான் வந்தோம் சார். ஆனா பாத்தது தாப்பிர்.”

“அங்கதான் இடிக்குது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்கள் தாப்பிரைப் பார்த்ததெண்டு நான் எழுதினால், பி பெர்மிட்டில பாலூட்டி பார்த்த குற்றம் உங்கட தலையில வரும். பாதையை விட்டு இறங்கினது வேற. பாருங்கோ, நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கிறன்.”

“என்னக் காப்பாத்த வேணாம் சார். அதக் காப்பாத்துங்க.”

“கண்ணியில மாட்டியிருக்கு எண்டு சொல்லுறீங்கள். அது இன்னும் சிக்கல். இண்டைக்குப் பதினொண்டரைக்கு டத்தோ விருது வாங்கப்போறார். மூண்டு வருஷமா இந்தக் காட்டில ஒரு கண்ணி இல்லை.”

“இருக்கு சார். இந்தாங்க, என் கையப் பாருங்க.”

“கண்ணி இருக்கலாம். முறைப்பாடு இல்லை. கண்ணி முறைப்பாட்டுப் பாரத்தை மூண்டு வருஷத்துக்கு முந்தி நாங்கள் நிப்பாட்டிட்டம். அதுக்குப் பிறகு ஒரு முறைப்பாடுகூட வரேல்லை.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

புஷ்பலதா அதுவரை தேநீரைத் தொடவில்லை. “ஐயா, அது கத்திக்கிட்டு இருக்கு. விசில் மாதிரி. நான் மொதல்ல பறவன்னு நெனச்சுத்தான் எறங்கினேன்.”

துரைசிங்கம் நிமிர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

“என்ன நினைச்சனீங்கள்?”

“பறவன்னு.”

“அப்ப ஏன் பிள்ளை இதை முதல்லயே சொல்லேல்லை!” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சைப் பாரத்தை எடுத்தார். “பறவை மீட்புப் பிரிவு இண்டைக்கு வேலையில இருக்கு. பாலூட்டிப் பிரிவு ஆக்கள்தான் விழாவுக்குப் போயிட்டினம். சொல்லுங்கோ. நிறம்?”

“ஐயா, அது பறவ இல்ல.”

“எழுதட்டும் புஷ்பா” என்றான் ஜெயபாலன். “என்ன வேணா எழுதட்டும். ஆளு வந்தாப் போதும்.”

நிறம்: கறுப்பு, வெள்ளை. குரல்: விசில். எடை: அதிகம். இறக்கைகள் என்ற இடத்தில் துரைசிங்கம் சற்று யோசித்து ‘தற்சமயம் இல்லை’ என்று எழுதினார். பறக்கும் நிலையில் உள்ளதா: இல்லை. கால்களின் எண்ணிக்கை கேட்கும் கட்டம் அந்தப் பாரத்தில் இல்லாதது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

“கம்பி வெட்டி ஒண்ணு வேணும் சார்.”

“இருக்கு. அது வேலிப் பிரிவின்ர சொத்து. சாவி அதின்ர தலைவரிட்ட. அவர் வரவேற்புக் குழுவில மாலை போடுறார். விழா முடியட்டும். பறவைப் பிரிவும் சாப்பிட்டிட்டுத்தான் போவினம். நீங்களும் விழாவில இருங்கோ.”

விழாவில் இருந்தார்கள். வேறு எங்கே இருப்பது என்று தெரியவில்லை.

டத்தோ மலாயில் பேசினார். “இந்தக் காட்டில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு இருநூறு கண்ணிகள் கண்டெடுக்கப்பட்டன. அப்போது நம்மிடம் நாற்பது ரோந்துக் காவலர்கள் இருந்தார்கள். துணிந்து நான்காகக் குறைத்தோம். கண்ணிகள் பதினொன்றாகக் குறைந்தன. அந்த நால்வரையும் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினோம். கண்ணிகள் பூஜ்யம்! அப்படியென்றால் இவ்வளவு காலமும் கண்ணிகளுக்குக் காரணம் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.” பந்தல் அதிரக் கைதட்டினார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்ற நால்வரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“விலங்குகளுக்கு வேண்டியது தனிமை” என்று டத்தோ தொடர்ந்தார். “நாம் அவற்றைப் பார்க்காமல் இருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை. நான் தலைவராக வந்த ஆறு ஆண்டுகளில் ஒரு தடவைகூடக் காட்டுக்குள் போனதில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.”

வருகையாளர் யாராவது இரண்டு வார்த்தை பேசலாமே என்று அறிவிப்பாளர் கேட்டதும் ஜெயபாலன் எழுந்துவிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரச் சொல்லிக் கத்துவதைத் தவிர அவன் கூட்டத்தில் பேசியதே இல்லை. மைக்கைக் கையில் வாங்கி, “டத்தோ, அடா தாப்பிர்...” என்று ஆரம்பித்தான். டத்தோ, தாப்பிர் ஒன்று இருக்கிறது.

“அடா தாப்பிர்!” என்று அறிவிப்பாளர் உற்சாகமாகக் கத்தினார். அதற்காகவே காத்திருந்தது போல இசை கிளம்பியது. மேடையின் பக்கத்திலிருந்து தாப்பிர் வேடம் போட்ட ஒருவன் குதித்து வந்து ஆடினான். கூட்டம் எழுந்து கைதட்டியது. மைக் ஜெயபாலன் கையிலிருந்து போய்விட்டது. அவனையும் புஷ்பலதாவையும் மேடைக்கு இழுத்து, அந்தத் தாப்பிருக்கு இருபுறமும் நிறுத்திப் படமெடுத்தார்கள்.

“அண்ணே, கொஞ்சம் சிரிங்கண்ணே” என்று தாப்பிரின் வாய்க்குள்ளிருந்து கோகிலனின் குரல் வந்தது. “எல்லாரும் பாக்கிறாங்க.”

“நீயா?”

“கான்ட்ராக்ட் ஆளுங்க மாறி மாறிப் போடணும். இந்த மாசம் நான்.” வேடத்துக்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. “அது இன்னும் கத்துதாண்ணே?”

பதில் சொல்லும்முன் அவனை ஆடச் சொல்லி இழுத்துக்கொண்டு போனார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் ஜெயபாலன் ஒரு முடிவுக்கு வந்தான். “நான் தாப்பாவுக்குப் போயி ஒரு கம்பி வெட்டி வாங்கியாறேன். நீ இங்கியே இரு. பறவக்காரனுங்க எந்திரிச்சதும் கூடவே ஒட்டிக்கிட்டுப் போ. விட்டுறாத.”

மலைப் பாதையில் அவன் வேனை அப்படி ஓட்டியதே கிடையாது. இரும்புக் கடையில் சிவப்புக் கைப்பிடி போட்ட பெரிய கம்பி வெட்டியை வாங்கிக்கொண்டு இரண்டே காலுக்குத் திரும்பிவிட்டான். வாசலில் போண்டோக் எனும் காவல் கொட்டகையில் இருந்த காவலர் அவன் கைப்பட்டியைப் பார்த்தார்.

“ஒருமுறை நுழைவு. நீங்கள் வெளியேறிவிட்டீர்கள், அபாங்” என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார்.

“உள்ள என் பொண்டாட்டி இருக்கா.”

“அவர் வெளியேறவில்லை. அவருக்குப் பிரச்சினை இல்லை.” காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். “அது என்ன?”

ஜெயபாலன் தனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் செலவழித்து விளக்கினான். காவலர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, வேலியை வெட்டக்கூடிய கருவியோடு காப்பகத்தை நெருங்குவது குற்றம் என்று சொல்லி, கம்பி வெட்டியை வாங்கி அலமாரியில் பூட்டினார். அதற்கு ஒரு ரசீதும் எழுதிக் கொடுத்தார். வாசலின் தடுப்புக் கம்பை மீறி உள்ளே ஓடப்பார்த்தவனை அவரும் இன்னொருவரும் தோளைப் பிடித்து நிறுத்தி, உட்கார நாற்காலியும் போட்டார்கள். யாரும் அவனை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மூன்று மணிக்குப் புஷ்பலதாவின் போன் வந்தது.

“ஏங்க, வந்துட்டோம். ரெண்டு பேரு வந்திருக்காங்க. கையில ஒரு கூண்டு வச்சிருக்காங்க. கிளிக்கூண்டுங்க.”

“அது எப்படி இருக்கு?”

“படுத்திருச்சு. கண்ணு தெறந்திருக்கு. என்னப் பாக்குது.” அவள் குரல் தள்ளிப் போனது. “என் பாட்டில்ல இருந்து தண்ணி ஊத்துறேன். குடிக்குதுங்க. நாக்க நீட்டிக் குடிக்குது.”

“அவனுங்க என்ன பண்றானுங்க?”

“சுத்திச் சுத்திப் பாக்குறாங்க. ஒருத்தரு பச்சப் பாரத்தப் படிக்கிறாரு. கூண்டப் பக்கத்துல வச்சுப் பாக்குறாங்க.”

“அவங்ககிட்ட வெட்டுறதுக்கு எதாச்சும் இருக்கா கேளு!”

“வல இருக்காம். தானியம் இருக்காம்.” கொஞ்ச நேரம் மலாய்ப் பேச்சு தூரத்தில் கேட்டது. “இது பறவ இல்லன்னு சொல்றாங்க.”

“தெரியும்னு சொல்லு!”

“சொன்னேன். பறவயா இருந்தா அவங்க பொறுப்பாம். இதத் தொட்டா இன்னொரு பிரிவு வேலையில தலையிட்ட மாதிரியாம். எழுதுறாரு... ‘குறிப்பிட்ட இடத்தில் பறவை எதுவும் காணப்படவில்லை’... ஏங்க, கூண்ட எடுத்துட்டாங்க. கெளம்புறாங்க. ஏங்க...”

ஜெயபாலன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கையில் ரசீதோடு நின்றான். போனில் அவள் அழுவது கேட்டது. அதற்குப் பின்னால் அந்த விசிலும் கேட்டது. காலையைவிடச் சன்னமாக.

ஐந்து மணிக்குப் பெர்மிட் முடிந்ததும் அவளைப் பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். முழங்கை வரை மண். நகத்துக்குள் ரத்தம். அவள் கையாலேயே அந்த மரத்தடியைத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். துரைசிங்கம் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

“பறவை முறைப்பாடு நல்லபடியா முடிஞ்சுது. அங்க பறவை இல்லை எண்டு உறுதியாயிட்டுது. இனிப் பாலூட்டி எண்டு புதுசா மனுப் போடலாம். நானே முன்னுக்கு நிண்டு செய்யிறன். கவலைப்படாதேங்கோ.”

அடுத்த நாள் ஜெயபாலன் போலீசுக்குப் போன் செய்தான். காப்பகம் வாரியத்தின் கீழ் வருகிறது, வாரியத்திடம் கேளுங்கள் என்றார்கள். வாரியத்தின் எண்ணுக்கு அடித்தான். ஞாயிறு விடுமுறை. திங்களன்று, விழா நடந்த களைப்புக்காக விடுமுறை. செவ்வாயன்று ஒரு பெண் எடுத்து, முறைப்பாட்டு எண் கேட்டாள். பச்சைப் பாரத்தின் எண்ணைச் சொன்னான். “அந்தப் பறவை விஷயம் முடிந்துவிட்டதே, வாழ்த்துகள்” என்றாள்.

புஷ்பலதா எடுத்து வைத்திருந்த படத்தை முகநூலில் வாரியத்தின் பக்கத்திலேயே போட்டாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘உங்கள் இனிய வனவிலங்கு அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டமைக்கு நன்றி.’ பக்கத்தில் ஒரு இதயமும் ஒரு இலையும். இருநூறு பேர் அழும் முகம் போட்டிருந்தார்கள். நான்கு பேர், அங்கே போகப் பெர்மிட் எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஜெயபாலன் வேன் ஓட்டினான். புஷ்பலதா துணி துவைத்தாள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள், “இன்னிக்கு இருக்குமாங்க?” என்று கேட்பாள். புதன்கிழமை அவன், “இருக்கும்லா, பெரிய உடம்பு” என்றான். வெள்ளிக்கிழமை வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். சனிக்கிழமை அவள் கேட்கவில்லை.

எட்டாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. ஜெயபாலன், புஷ்பலதா ஆகிய இருவருக்கும் ஏ பிரிவு அனுமதி. பார்க்க வேண்டிய விலங்கு: தாப்பிர், ஒன்று. தேதி, நேரம் எல்லாம் போட்டிருந்தது. துரைசிங்கம் தன் கையால் ஓரத்தில், ‘சொன்னபடி செய்துவிட்டேன்’ என்று தமிழில் எழுதியிருந்தார்.

“நான் வரல” என்றாள் புஷ்பலதா.

“நானும் போக வேணாம்னுதான் நெனைக்கிறேன்.”

ஆனால் கடிதத்தில் குறித்திருந்த தேதியன்று காலையில் இருவரும் எழுந்து குளித்துக் கிளம்பியிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

இந்தத் தடவை நீலப் பட்டி. துரைசிங்கம் வாசலிலேயே காத்திருந்தார். “என்ட முப்பத்தொரு வருஷ சேவையில இவ்வளவு விரைவா ஒரு பாலூட்டி பெர்மிட் வந்ததில்லை. ரெண்டு பேரிட்ட கெஞ்சி, மூண்டு கூட்டத்தில பேசி எடுத்தது. வாற வெள்ளிக்கிழமையோட நான் ஓய்வு. இதுதான் என்ட கடைசி அலுவல்.” அவர் பின்னால் கோகிலன் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். பாலூட்டிப் பிரிவுக்கென்று புதிதாக வாங்கிய கம்பி வெட்டி. திறப்பு விழா நாடா இன்னும் அதில் இருந்தது. கோகிலனின் கான்ட்ராக்டை ஆறாவது தடவையாக நீட்டித்திருந்தார்கள். அவன் இவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த இடத்துக்குப் போவதற்கு யாரும் வழி கேட்கவில்லை.

எலும்புகள் இருந்தன. கொஞ்சம் தோல், அதில் வெள்ளைப் பகுதி கொஞ்சம். மண்டையோடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உழுத மண்ணில் புல் முளைத்துவிட்டது. முன்கால் எலும்பில் கம்பி இன்னும் இறுக்கமாக அப்படியே இருந்தது. மரத்தடியில் ஒரு சின்னப் பள்ளம். புஷ்பலதா கையால் தோண்டியது.

துரைசிங்கம் தொப்பியைக் கழற்றினார். உதடு ஏதோ அசைந்தது, தேவாரமாக இருக்கலாம். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு கோப்பைத் திறந்தார்.

“இதுதானே நீங்கள் அண்டைக்குப் பார்த்த தாப்பிர்?”

“ஆமா சார்.”

“அதே இடமோ?”

“அதே இடம்தான்.”

“இடம் மாறேல்லை.” எழுதினார். “அப்ப உங்கட முறைப்பாடு உண்மை. வாரியம் ஏற்றுக்கொள்ளுது.” அவர் ஜெயபாலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கோகிலன், வெட்டுங்கோ.”

“சார்?”

“பாரத்தில இருக்கு. மீட்பு நடவடிக்கை. முதல்ல ஒரு படம், வெட்டினாப் பிறகு ஒரு படம்.”

கோகிலன் நாடாவைப் பிய்த்து, பெட்டியைத் திறந்து, கம்பி வெட்டியை எடுத்தான். எலும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை டக்கென்று அறுந்தது. அவ்வளவு சுலபமாக அறுந்தது. ஜெயபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துரைசிங்கம் நின்றபடியே எழுதிக்கொண்டு வந்தார். நேரம், பத்து ஐம்பத்திரண்டு. விலங்கு, தாப்பிர். எண்ணிக்கை, ஒன்று. எதிலிருந்து விடுவிக்கப்பட்டது என்ற இடத்தில் ‘கண்ணி’ என்று எழுத முடியாது என்பதால் ‘பழைய கம்பி’ என்று போட்டார். விடுவிக்கப்பட்டதா: ஆம். ஆண்டறிக்கையில் மீட்கப்பட்ட பாலூட்டிகள் என்ற தலைப்பின் கீழ் நெடுநாளாகக் கோடு போட்டிருந்த இடத்தில் இந்த வருடம் ஒன்று என்று வரும் என்றார். பிறகு பேனா நின்றது.

“என்ன சார்?”

“கடைசிக் கட்டம். ‘விடுவிக்கப்பட்ட பின் விலங்கின் நிலை.’” அவர் எலும்புகளைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. “வெறுமையா விட ஏலாது. பொய்யும் எழுத எனக்கு விருப்பமில்லை.”

புஷ்பலதா மரத்தடியிலிருந்து எழுந்தாள்.

“அமைதியா இருக்குன்னு எழுதுங்க ஐயா.”

துரைசிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து அப்படியே எழுதினார். எழுதிவிட்டு, சாட்சி என்ற இடத்தைக் காட்டி ஜெயபாலனிடம் பேனாவை நீட்டினார். மூன்று பிரதி இருந்தது. மூன்றிலும் கையெழுத்துப் போட்டான்.